டவாலி சம்பந்தத்தின் மூச்சு

வழக்குக்காரர்களின் பெயர் கூப்பிடுவதற்கு முன் கோர்ட் சேவகர் சம்பந்தம் தூணோரம் ஒதுங்குவார். சட்டைப்பையிலிருந்து நீல பம்ப் வாய்க்குப் போகும். ஒரு உறிஞ்சல், கண்ணை மூடி ஒரு நிதானம். பிறகு மார்பின் குறுக்கே கிடக்கும் சிவப்பு டவாலியைச் சரிசெய்துகொண்டு மூன்று முறை கூப்பிடுவார். பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தின் டீக்கடை வரை குரல் கேட்கும். நீண்ட பெயர்களை நடுவில் முறிப்பார். வக்கீல்கள் அதை அவருடைய பாணி என்று நினைத்தார்கள். மூச்சு அவ்வளவுதான் வந்தது.

இளைப்பு இருப்பதை அவர் கோர்ட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் இரக்கப்பட்டு ரிக்கார்டு ரூமில் உட்கார வைத்துவிடுவார்கள். பழைய வழக்குக் கட்டுகளின் தூசிதான் அவருக்கு எமன்.

டாக்டர் மதுமதி ரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பழுப்பு பம்ப் ஒன்றும் கொடுத்திருந்தார். தூசி பட்டதும் ஒருவகை வெள்ளணுக்கள் மூச்சுக்குழாயில் வந்து கூடுகின்றன. அவை கக்குவதில் குழாய் உள்ளுக்குள் வீங்குகிறது. நீலம் இறுக்கத்தைத் தளர்த்துமே தவிர வீக்கத்தைத் தொடாது. பழுப்பு மருந்துதான் அந்த அணுக்களை மடியவைத்து, புதிதாகக் கூடவிடாமல் தடுக்கும். ஆனால் வாரக்கணக்கில் ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். சம்பந்தம் சில நாள் உறிஞ்சிப் பார்த்தார்.

"அடிச்சா ஒண்ணும் தெரியலையே. மருந்தா, வெறுங்காத்தா?" என்று மனைவி ஆவுடைத்தாயிடம் சொல்லிவிட்டு அலமாரியில் போட்டார்.

தொண்ணூற்றாறு ஆடி. காற்று புழுதியை அள்ளி வீசிய காலை. ஜாமீனில் இருந்த திசையன்விளை பிச்சைக்கண்ணுவின் வழக்கு. முதல் தடவைக்கு ஆள் வரவில்லை. இரண்டாவது தொண்டையிலேயே நின்றது. மூன்றாவதுக்கு வாயைத் திறந்தபோது சீழ்க்கைதான் வந்தது. நீல பம்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார், நெஞ்சு விடவில்லை. உள்ளே நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார். ஆள் வராவிட்டால் வாரண்ட்.

கேட்டருகே, முந்தைய வாய்தாக்களில் பார்த்த முகம். பஸ் தாமதமாகி ஓடிவந்த பிச்சைக்கண்ணு, எந்தக் கோர்ட் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் அவர் மணிக்கட்டைப் பற்றினார்.

"உள்ள... போம்வே. ஒம்மத்தான்... கூப்பிடுதேன்."

பிச்சைக்கண்ணு உள்ளே ஓடி, கும்பிட்ட கை இறங்குமுன், வெளியே டவாலி ஐயாவுக்கு மூச்சு நிற்கிறது என்றுதான் முதலில் சொன்னார். குமாஸ்தாக்கள் ஓடி வந்தபோது படியில் சாய்ந்திருந்தவரின் உதடு கறுத்திருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, உயிர் பிழைத்தார். அந்த ஊசியும் அலமாரியில் கிடந்த மருந்தின் இனம்தான் என்றார் மதுமதி. ஆவுடைத்தாய் பழுப்பு பம்பை எடுத்துவந்து தலையணை அருகே வைத்தாள்.

பயந்தபடியே ரிக்கார்டு ரூம் பேச்சு எழுந்தது. சம்பந்தம் கோர்ட் அலுவலகத்தை நடத்தும் சிரஸ்தாரிடம் போய் நின்றார்: "ஒரு மாசம் பொறுங்கய்யா. கொரல் தேறலைன்னா நானே போயிருதேன்."

காலையும் மாலையும் தவறாமல் உறிஞ்சினார். பலன் தெரியாத நாட்கள்தான் அவரை வாட்டின. மாதம் முடியுமுன் சீழ்க்கை மெலிந்தது. அடுத்த ரத்தச் சோதனையில் அந்த அணுக்களும் குறைந்திருந்தன. மாற்றல் பேச்சு அப்படியே அடங்கியது.

சீழ்க்கை போய்விட்டது என்பதை இன்றும் அவர் நம்புவதில்லை. காலையில் உடுப்பு மாட்டுமுன் வெற்றுடம்போடு ஆவுடைத்தாய்க்கு முன்னால் திரும்பி உட்காருகிறார். அவள் முதுகில் காதை வைக்கிறாள். அவர் மூச்சை ஆழ இழுத்து, மெல்ல விட்டு, சீழ்க்கை இல்லை என்று அவள் முகம் நிமிரும்வரை காத்திருக்கிறார்.