அறுபது நிறையாத தங்கை

நேசபாய் டீச்சருக்கு அறுபது வயது நிறைந்தது 1950 மே மாதம். தங்கை இசபெலுக்கு அப்போது நாற்பத்தொன்பது. அந்தப் பதினோரு வருஷ வித்தியாசத்தை அதுவரை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. தாய் இறந்தபோது இசபெல் கைக்குழந்தை. பாவாடை கட்டிய வயதிலேயே டீச்சர் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தார். பிறகு இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரணியலில் ஒரு வாடகை வீட்டில், டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அட்சரம் சொல்லிக் கொடுத்தும், இசபெல் தையல் மிஷின் மிதித்தும், முப்பது வருஷம் ஒன்றாக இருந்தார்கள்.

டீச்சருக்கு மூச்சு இழுப்பு உண்டு. அந்த வருஷம் மாசியில் ஒரு நாள் இசபெல் தக்கலைச் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அடுக்களைத் தரையில் அக்கா மூச்சு முட்டிக் கிடக்கிறார். அவர் கூப்பிட்டது அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிழைத்தது பெரிய காரியம். "இனிமேல் இவங்களத் தனியா விடப்பிடாது. டாக்டரோ நர்ஸோ பக்கத்துல இருக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் எங்கள் காம்பவுண்டுக்கு மனுப் போட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில், ஆள் உயரச் சுவருக்குள் பதினான்கு அறைகள், ஒரு ஜெபக்கூடம், ஒரு கிணறு. துணையில்லாத வயதான பெண்களுக்கென்று சபைக்காரர்கள் கட்டியது. நான் பின்னால் அங்கே நர்ஸாகப் போனேன். நான் போவதற்கு முந்தி நடந்ததையெல்லாம் டீச்சரே எனக்குச் சொன்னார்.

காம்பவுண்டுச் சட்டங்கள் ஜெபக்கூடத்துச் சுவரில் எழுதி மாட்டியிருக்கும். அறுபது வயது நிறைந்தவர்கள் மட்டும். சொந்தக்காரர் யாரும் இரவு தங்கக் கூடாது. புதனும் சனியும் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை பார்க்க வரலாம். சாயந்திரம் ஆறுக்கு கேட் பூட்டினால் மறுநாள் காலை ஆறுக்குத்தான் திறக்கும். தொடர்ந்து ஏழு இரவு வெளியே தங்கினால் அறை அடுத்தவருக்குப் போய்விடும்.

டீச்சருக்கு இடம் கிடைத்தது. இசபெலுக்கு இல்லை.

"அப்பம் நானும் போகல்ல" என்றார் டீச்சர்.

"என்ன பேச்சு பேசுக அக்கா? நான் சந்தைக்குப் போன நேரம் நீ செத்துப் போயிருந்தா நான் என்ன செய்வேன்? நீ உள்ள இரு. நான் எதிர்த்தாப்பில ஒரு முறி பாத்துக்கிடுகேன். பதினோரு வருசந்தானே, பின்ன நானும் உள்ள வந்திருவேன்" என்று இசபெல் சிரித்தாராம்.

சொன்னபடியே கேட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், கோமளவல்லி என்ற அம்மாளின் வீட்டில் பின்கட்டு அறை ஒன்றைப் பிடித்து மிஷினைக் கொண்டு வைத்தார்.

நான் அங்கே போன 1953-ல் டீச்சர் நல்ல தெளிவாக இருந்தார். உடம்பு தேறியிருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து. மத்தியானம் மற்றவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். அவருக்குப் புதிதாகச் சிநேகிதிகள்கூட உண்டாகியிருந்தார்கள். "மக்களே, எனக்கு இங்க ஒரு பயமும் இல்ல. அறுபது வருசத்துல இப்பந்தான் நல்லா உறங்குகேன்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ஏதோ தப்புப் பேசிவிட்டதுபோல் எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தார்.

இசபெல் புதனும் சனியும் தவறாமல் வருவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்த மாதிரி எனக்குத் தோன்றும். தனக்கு மட்டும் என்று உலை வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று கோமளவல்லி அம்மாள் சொல்லித்தான் தெரியும். ஆரம்பத்தில் சாயந்திரங்களில் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவும் தங்கையும் பேசுவதுண்டு. மற்றவர்களின் பிள்ளைகளும் மருமக்களும் அதைக் காட்டித் தங்களுக்கும் அனுமதி கேட்கத் தொடங்கியதால் வார்டன் ஞானபாய் அம்மாள் அதை நிறுத்திவிட்டார்.

வார்டன் கல்நெஞ்சக்காரி இல்லை. "நர்ஸே, இந்தச் சட்டம் இல்லாத காலத்த நான் கண்டிருக்கேன். ஒருத்திக்க மருமகன் விருந்துக்கு வந்தவன் ஆறு மாசம் இருந்தான். சண்டையும் கூச்சலும். ரெண்டு கெழவிமாரு பயந்து இறங்கிப் போயிட்டாங்க. இங்க உள்ளதுகளுக்கு இந்தச் சுவருதான் துணை" என்பார். அதுவும் பொய்யில்லை. வீட்டில் அடிபட்டு ஓடிவந்த பெண்கள் எங்களிடம் இருந்தார்கள். ஆறு மணிக்கு கேட் பூட்டும் சத்தம் கேட்டால்தான் அவர்கள் முகம் தெளியும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை இசபெல் வரவில்லை. "கிறிஸ்மஸ் தையல் வந்திருக்கும்" என்றார் டீச்சர். சனிக்கிழமையும் வரவில்லை. வெளியே போக வார்டனிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவரட்டுமா என்று என்னிடம் கேட்டார். மழையில் நனைந்தால் இழுப்பு வரும், தங்கை புதன்கிழமை வந்துவிடுவார் என்று தடுத்தது நான்தான்.

திங்கள்கிழமை காலை கேட்காரர் யேசுரத்தினம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "டீச்சரம்மா, ஒங்க தங்கச்சிக்குக் காய்ச்சலு. ஒம்பது நாளாச்சு. ஒங்ககிட்டச் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. கேட்டா நீங்க மழையில இறங்கி வருவீங்களாம்."

நாற்பது அடி தூரம். ஒன்பது நாள்.

டைபாய்டு. எங்கள் நோயாளி அறையில் இரண்டு கட்டில் காலியாகத்தான் இருந்தது. நானும் டீச்சரோடு போய் வார்டனிடம் கேட்டேன். அவர் சபைக் கமிட்டிக்கு ஆள் அனுப்பினார். ஒட்டுகிற நோய், வயதும் காணாது, முடியாது என்று பதில் வந்தது. டீச்சர் தன் அறைக்குப் போனார். இரண்டு சேலையை மடித்து எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.

ஆறு இரவு அங்கே இருந்தார். கஞ்சித் தண்ணீர் கொடுப்பதும், உடம்பு துடைப்பதும், துணி அலசுவதும் எல்லாம் அவர்தான். நான் தினமும் மத்தியானம் போய்ப் பார்ப்பேன். டாக்டர் கொடுத்த புது மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் இசபெல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசினார். அதற்குள் டீச்சருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கு ராத்திரி ஏழாவது ராத்திரி, இல்லியா நர்ஸம்மா?" என்று இசபெல் என்னைக் கேட்டார்.

"இருக்கட்டும் ஏட்டி" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும்னா? இந்த ஈரமுறியில கெடந்து நீயும் இழுக்கப் போறியா? எனக்கு இப்பம் ஒண்ணும் இல்ல. ஒரு ராத்திரி உள்ள உறங்கிட்டு காலம்பற வா. எடத்த விட்டிராத அக்கா."

மறுநாள் பகல் முழுவதும் டீச்சர் போகவில்லை. நானும் சொன்னேன், போய் ஒரு இரவு தங்கிவிட்டு வரலாம் என்று. சாயந்திரம் ஐந்தரை மணிக்குத் தங்கையின் தலையை வாரிக் கட்டிவிட்டு, பார்த்துக்கொள்ளும்படி கோமளவல்லி அம்மாளிடம் நாலு தடவை சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வார்டன் பதிவில் பெயர் எழுதிக்கொண்டார்.

காலையில் யேசுரத்தினம் கேட்டைத் திறந்தபோது கோமளவல்லி அம்மாள் வெளியே நின்றுகொண்டிருந்தார். முந்தின இரவு இசபெலுக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்திருக்கிறது. குடலில் ஓட்டை விழுந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். விடிவதற்குள் முடிந்துவிட்டது. அந்த அம்மாள் கேட்டைத் தட்டியிருக்கிறார். மழை இரைச்சலில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து எட்டு நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் மருந்து கொடுக்கப் போனபோது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்களே, ஒரு காரியம் சொல்லுகேன். நீ யார்கிட்டயும் சொல்லாண்டாம். அண்ணைக்கு ராத்திரி நான் நல்லா உறங்கினேன். படுத்த ஒடனே உறங்கிப் போனேன். ஆறு நாளு உறக்கம் இல்லாம இருந்ததா, இந்தக் கட்டிலு அவ்வளவு சொகமா இருந்திச்சு. நான் அவள நெனைக்கவே இல்ல."

என் கையை விடாமல் அழுதார். நானும் அழுதேன்.

வேறு போக்கிடம் இல்லாததால் அவர் அந்த அறையிலேயே இருந்தார். பேப்பர் வாசிப்பதை மட்டும் விட்டுவிட்டார். 1955 வருஷக் கூட்டத்தில், யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கமிட்டிக்காரர்கள் வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார்கள். டீச்சர் எழுந்து நின்றார்.

"இந்த எடத்தக் கொறை சொல்ல எனக்கு நாக்கு வராது. நான் இண்ணைக்கு உயிரோட இருக்கது இதனாலதான். வயசுக் கணக்கும் வேணும், பூட்டும் வேணும். ஆனா ஒண்ணாவே வாழ்ந்த ரெண்டு பேரு வந்தா, அதுல ஒருத்தியப் பிரிச்சு வெளிய நிறுத்தாதீங்க. நான் அவ்வளவுதான் கேக்கேன்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. கூடப்பிறந்தவள் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால் ஒரே அறையில் சேர்ந்து இருக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். இசபெல் இறந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு.

மறு வருஷம் அஞ்சுகிராமத்திலிருந்து இரண்டு சகோதரிகள் அந்தச் சட்டப்படி வந்தார்கள். டீச்சர் அறைக்கு அடுத்த அறை. நல்ல கலகலப்பான பெண்கள். ஒரே தட்டில் பலகாரம் வைத்துத் தின்பார்கள், எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள், சின்னவள் பெரியவளைக் கேலி செய்வாள். தங்களுக்கு இடம் கிடைத்தது யாரால் என்று தெரிந்து டீச்சரைத் தேடிப் போய்க் கும்பிட்டார்கள். டீச்சர் அவர்கள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார்.

நான்கு நாள் கழித்து வார்டனிடம் போய், கடைசி வரிசையில் கிணற்றுப் பக்கத்து அறை காலியாக இருக்கிறதே, அங்கே மாறிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அது ஈரமுள்ள முறியாச்சே டீச்சர். ஒங்களுக்கு ஆகாதே. பக்கத்துல சத்தம் ரொம்பக் கேக்குதோ? நான் வேணும்னா அவங்ககிட்டச் சொல்லுகேன்" என்றார் வார்டன்.

"ஐயோ, வேண்டாம். அதுக ஒண்ணும் தப்புச் செய்யல்ல. சிரிக்கட்டும்" என்றார் டீச்சர். "நான் மாறிக்கிடுகேன்."

அன்று மத்தியானமே அவருடைய பெட்டியையும் வேதப்புத்தகத்தையும் நான் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவர் மூச்சு வாங்கி வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.