மஞ்சள் குடித்த கட்டை

எங்கள் அம்மாவின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பிமார் என்னிடம் விட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது என்பதால் எழுதத் தருவது நல்லது என்று நினைத்திருக்கலாம். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அம்மா யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தார். கலியாணம் முடிந்த கையோடு அப்பாவுடன் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு குத்துவிளக்கு, கலியாணத்தில் இருவரும் உட்கார்ந்த பலாமர மணைப்பலகை, இவ்வளவுதான் உடன் வந்தவை. அப்பா துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். டத்தோ கிராமட் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகை வீடு. பின்வேலிக்கு அப்பால் சந்தையில் பன்றி இறைச்சி விற்கும் சீனக் குடும்பம். அந்த வீட்டு அம்மையாரை எங்கள் வீட்டில் எல்லாரும் ஆ சோ என்றே அழைப்பார்கள். ஆ சோ என்றால் அவர்கள் மொழியில் அண்ணி.

அம்மாவின் ஆசாரம் உங்களுக்குத் தெரியும். முட்டை வாங்கிய பையைக்கூட வாசற்படி தாண்ட விடமாட்டார். அந்தக் காலத்தில் ஆ சோ வீட்டில் அடுப்பு மூட்டினால் எங்கள் வீட்டுப் பின்சன்னல் சாத்தப்படும். ஆ சோவும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரர் வந்தபின் அப்பாவின் கம்பெனி மூடப்பட்டது. வீட்டைச் சுற்றி மரவள்ளியும் மஞ்சளும் நட்டுப் பிழைத்தார்கள். அது ஒரு கஷ்டம். அதைவிடப் பெரிய பயம் சயாம். அங்கே ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தெருத் தெருவாகப் பார்த்தார்கள். வேலையில்லாத ஆண்பிள்ளை வெளியே நின்றால் லாரியில் ஏற்றுவார்கள். போனவர்களைப் பற்றித் தகவல் வருவதில்லை. படைக்கு வேண்டிய தொழில் செய்பவர்களுக்குச் சட்டைக் கையில் குத்திக்கொள்ள ஒரு துணி அடையாளம் தருவார்கள். அது இருந்தால் விட்டுவிடுவார்கள்.

கடற்கரைப் பக்கம் ஒரு கிடங்கில் படைக்குத் தோல் பெல்ட் தைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா போனார். அதுவரை அவர் தைத்தது கம்பெனிக் கோப்புக் கட்டுகளை மட்டுந்தான். "தோல் வேலை தெரியுமா?" என்றதற்கு "தெரியும்" என்று சொல்லிவிட்டார். இரண்டு தோல் வாரும் மெழுகிட்ட நூலும் ஒரு குத்தூசியும் கொடுத்து, வார்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்துத் திங்கட்கிழமை கொண்டுவா என்று அனுப்பினார்கள்.

அந்தத் தையலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் குத்தூசியால் வரிசையாகத் துளை இடவேண்டும். பிறகு இரண்டு ஊசிகளை இரு பக்கமிருந்தும் அதே துளைக்குள் விட்டு இழுத்து முடிய வேண்டும். முன்பக்கத் துளை கண்ணுக்கு முன்னால் இருப்பதால் யாருக்கும் நேராக வரும். பின்பக்கத்தில்தான் தொழில் தெரியும். அது தைப்பவரின் கையைவிட, தோலுக்கு அடியில் எதை வைத்துக் குத்துகிறார் என்பதைப் பொறுத்தது. அப்பாவுக்கு இது அப்போது தெரியாது.

மாட்டுத்தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா சொன்னதால் அப்பா பின்கொட்டகையில் இருந்து பழகினார். வார்களின் ஓரத்தில் கழிவாகப் போகும் பகுதியில் முதலில் குத்திப் பார்த்தார். சிமெந்துப் படியில் வைத்துக் குத்தியதில் ஊசி முனை மழுங்கியது. அதைத் தீட்டிக்கொண்டு, சாக்கை மடித்து வைத்துக் குத்தினார். தோல் பள்ளமாக இறங்கி, பின்னால் துளைகள் கொப்புளம் போலத் தள்ளின. ஏற்றுமதி நின்று போனதால் ரப்பர் சீட்டு எங்கும் கிடந்தது. அதை அடியில் வைத்துக் குத்தினால் ஊசியைக் கவ்விப் பிடித்தது. இழுத்தால் தோலும் சேர்ந்து எழும்பித் துளை பெரிதானது.

அம்மா உள்ளே போய் மணைப்பலகையைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது எங்கட கலியாண மணையல்லோ?" என்றார் அப்பா.

"ஓம். கலியாணம் முடிஞ்சுதுதானே. குத்துங்கோ."

பலகையிலும் சரியாக வரவில்லை. மரத்தின் நார் படுத்திருக்கிற பக்கமாக ஊசி சறுக்கியது. முன்னால் நேராக இருந்த வரிசை பின்னால் பாம்பு போன தடமாக இருந்தது. மணையில் விழுந்த துளைகள் இன்றும் இருக்கின்றன.

அப்பா தோலைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆ சோ வீட்டுப் பின்புறம் இறைச்சி வெட்டும் வட்டக் கட்டை சும்மா கிடந்தது. விற்க இறைச்சி இல்லாத காலம். புளியமரத்தைக் குறுக்கே அறுத்த துண்டு அது. நார்கள் படுத்திருக்கவில்லை, நின்றிருந்தன. எத்தனை வெட்டு விழுந்தும் முகம் பிளக்கவில்லை. கத்தி பட்ட இடம் தானே மூடிக்கொள்ளும். அம்மா வேலியோரம் போய்க் கட்டையைக் கேட்டார். ஆ சோவுக்குச் சந்தைத் தமிழ் கொஞ்சம் தெரியும்.

"இது பாபி வெட்டுற கட்டை லா!" என்று ஆ சோ இரண்டு கையையும் ஆட்டினாராம். "பன்றி, பன்றி! உங்க வீடு சாமி வீடு. வேணாம்."

"எனக்குத் தெரியும். கண் இருக்குத்தானே."

"உங்க சாமி கோவிச்சுக்கும்."

"அதை நான் சாமியோட கதைச்சுக்கொள்ளுறன். நீங்கள் கட்டையைத் தாங்கோ."

ஆ சோ அதன்பிறகும் மனமில்லாமல்தான் உருட்டிவிட்டார் என்று அம்மா சொல்வார். எங்கள் ஆசாரத்துக்காக எங்களைவிட அதிகம் கவலைப்பட்டவர் அவர்தான்.

சாமியோடு கதைத்துக்கொள்வது என்றால் அம்மாவுக்கு ஒரே வழிதான். தோட்டத்து மஞ்சளைப் பிடுங்கி அரைத்து, வாளி நிறையக் கரைத்து, கட்டையின் மேல் ஊற்றினார். நின்ற நார் தண்ணீரை உறிஞ்சும். ஊற்ற ஊற்றக் கட்டை குடித்துக்கொண்டே இருந்தது. சுத்தமாகிறது என்று நினைத்து அம்மா இன்னும் ஊற்றினார்.

மறுநாள் அப்பா குத்தினார். ஊசி நேராக இறங்கி நேராக வந்தது. பின்பக்கத் துளைகள் பிய்யாமல், சரியாமல், ஒரே வரிசையில் நின்றன. அந்தச் சந்தோஷத்தில் முழு பெல்ட்டையும் குத்தித் தைத்து முடித்தபின்தான் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஊசி முனை கட்டைக்குள் இருந்த மஞ்சளைத் தொட்டுக்கொண்டு வந்திருக்கிறது. வெள்ளை நூல் முழுவதும் பளிச்சென்று மஞ்சள் புள்ளி.

"ஜப்பான்காரன்ரை பெல்ட்டுக்கு மஞ்சள் நீராட்டிச் சாமத்தியச் சடங்கு செய்துபோட்டீர்," என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை. வேறு தோலும் இல்லை, நூலும் இல்லை. கழுவினால் தோல் கெடும். முன்வீட்டில் வெற்றிலை போடுபவரிடம் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்தார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது சுளுக்குக்குப் பற்றுப் போட்ட எல்லாருக்கும் தெரியும். வேப்பங்குச்சியின் நுனியை மென்று, சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்து, தையல் தையலாகத் தொட்டுக்கொண்டே போனார். நூல் தோலின் நிறத்துக்கு வந்துவிட்டது. மேலே மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்.

இனி நான் சொல்வது அப்பா உயிரோடு இருந்தபோது தாமே எங்களுக்குச் சொன்னது. ஆனால் முழுதாகச் சொல்லி முடித்தது ஒரு தடவைதான்.

கிடங்கில் வரிசையில் நின்றபோது அப்பாவுக்குப் பின்னால் துறைமுகக் கூலி ஒருவர் நின்றிருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர். அப்பாவின் பெல்ட்டைப் பார்த்து, "அண்ணே, இது எதுல வச்சுக் குத்துனீங்க? பின்னாடி இம்புட்டுச் சுத்தமா இருக்கு," என்று கேட்டார். அப்பாவுக்கு முன்னால் கோயிலில் பழக்கமான நம்மவர்கள் இருவர் நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படி பன்றிக் கட்டை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.

"பலகையிலதான்," என்றார்.

மேற்பார்வை செய்தவர் அப்பாவின் பெல்ட்டை வளைத்து, பின்பக்கத்தை நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய், இது என்ன மணம் என்று மலாயில் கேட்டார். "எறும்பு அரிக்காமல் இருக்க மருந்து," என்றார் அப்பா. அவர் தலையாட்டிவிட்டுத் துணி அடையாளத்தை எடுத்துக் கொடுத்தார். பின்னால் நின்றவரின் வாரைத் திருப்பி எறிந்து, வேறு வார் கொடுத்து, இன்னொரு தடவை செய்து வா என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து அடையாளத்தை மட்டும் காட்டினார். அம்மா அதைச் சாமிப்படத்தின் முன் வைத்துக் கும்பிட்டார்.

அந்த வாரமே அந்தத் துறைமுகக் கூலிக்காரர் கிடங்குக்குத் திரும்பி வந்தார். அப்பா அப்போது உள்ளே பெஞ்சில் இருந்து தைத்துக்கொண்டிருந்தார். அவர் வாசலில் நின்றபடி அப்பாவைப் பார்த்து, கோபமில்லாமல், "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி பலகையிலதான் குத்துனேன். அப்படியும் கோணுது," என்றார். அப்பா பதில் சொல்வதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாரைத் திருப்பிப் பார்த்தார்கள். வெளியே நின்ற லாரியில் ஏறச் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் அப்பா சாப்பிடாமல் இருக்க, அம்மா காரணம் கேட்டு அறிந்தார். அம்மா அழவும் இல்லை, அப்பாவை ஏசவும் இல்லை.

"அந்த ஆளின்ரை பேர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"கேக்கேல்லை."

அம்மா எழும்பிப் போய், கொட்டகைக்குள் மறைவாக இருந்த கட்டையைத் தாமே உருட்டி வந்து, சந்துக்குத் தெரியும்படி பின்வாசல் படியருகே வைத்தார். திரும்பி வந்து சொன்னார்: "இனி ஆர் கேட்டாலும் பண்டிக் கட்டையெண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ. இஞ்ச வந்து குத்திக்கொண்டு போகட்டும்."

அப்பா சொன்னார். ஆட்கள் வந்தார்கள். தமிழரும் மலாய்க்காரர் ஒருவரும் வந்ததாக அம்மா சொல்வார். மலாய்க்காரர் கட்டை என்னவென்று கேட்டறிந்து, தம் தோல் வாரின் அடியில் தடித்த தோல் துண்டு ஒன்றை வைத்துக் குத்திக்கொண்டு போனாராம். வந்தவர்களில் எல்லாருக்கும் அடையாளம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. கிடைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் சிலர் இந்த மலரை இன்று வாசிக்கிறார்கள்.

சைவ வீட்டுப் படியில் பன்றிக் கட்டை இருக்கிறது என்ற செய்தியும் பரவியது. சில வீட்டார் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அவர்கள்மேல் அம்மா கோபம் வைத்ததில்லை. நல்லது கெட்டதுக்குப் போய்த் தலையைக் காட்டி, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார்.

சண்டை முடிந்தது. அப்பா மறுபடி கிராணியானார். சந்தையில் இறைச்சி வரத் தொடங்கியதும் அம்மா கட்டையைத் தேய்த்துக் கழுவி ஆ சோவிடம் கொண்டுபோனார். ஆ சோ அதைத் தடவிப் பார்த்தார். முகம் முழுவதும் ஊசித் துளை. நாருக்குள் இன்னும் மஞ்சள். "இதுல இறைச்சி வெட்ட முடியாது லா," என்று ஆ சோ சிரித்தார். "உங்க வீட்டுல இருந்து இருந்து இது சாயூர் கட்டை ஆயிடுச்சு." சாயூர் என்றால் மரக்கறி. அப்படி அது எங்கள் வீட்டிலேயே தங்கியது.

பிறகு நாங்கள் நான்கு பேர் பிறந்தோம். பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது மாமன்மார் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது இந்தக் கட்டையில்தான். அது என்ன கட்டை என்று கேட்காமல் உட்கார்ந்த மாமன்மார் இதை வாசித்துத் திகைக்க வேண்டாம். ஆ சோ அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அம்மா தையல் இயந்திரம் வைத்துப் பள்ளிச் சீருடை தைத்து எங்களைப் படிக்க வைத்தார். எந்தத் துணியைக் காட்டினாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். அப்பா போனபின் முழங்கால் வலி கூடியது. கடைசி மாதங்களில் கூடத்துக் கட்டிலிலேயே இருந்தார். யாரையும் சிரமப்படுத்தவில்லை. ஒரு காலை தேநீர் கேட்டார், கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

அம்மாவின் நோயில் துணை நின்ற வைத்தியருக்கும் தாதிமாருக்கும், இறுதிக் கிரியைகளைச் செய்வித்த குருக்களுக்கும், தோள் கொடுத்த அயலவருக்கும் எங்கள் நன்றி. ஆ சோ இப்போது இல்லை. வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலி சுமந்த அவருடைய மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தனியாக நன்றி சொல்கிறோம்.

இன்று பந்தியில் உட்காரும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்வாசல் படியருகே, கட்டைக்கு முன்னால் ஓர் இலை போட்டிருக்கும். அதில் யாரும் உட்கார வேண்டாம். தம் தகப்பனாரின் திவசத்தில் ஆண்டுதோறும் அம்மா அங்கே ஓர் இலை போட்டு எல்லாக் கறியும் வைப்பார். யாருக்கு என்று சிறுவயதில் நான் கேட்டிருக்கிறேன். பேர் தெரியாததால் அம்மாவால் ஒரு விதமாகத்தான் சொல்ல முடிந்தது. இன்று பிள்ளைகள் கேட்டால் நாங்களும் அதையே சொல்லப் போகிறோம்.

"கேட்ட ஆளுக்கு."