வயல் இல்லாத நகரம்

நான் எழுதிய நகரத்துக்கு எல்லை கிடையாது. எந்தத் திசையில் நடந்தாலும் தெரு. தெரு முடிந்தால் படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் இன்னொரு தெரு. உலகம் முழுக்க ஒரே ஊர். அதை ஆள ராஜா இல்லை, நாற்பத்தொரு குழுக்கள் ஆள்கின்றன. விளக்கேற்றுகிறவர்களின் குழு, படிக்கட்டு கழுவுகிறவர்களின் குழு, மணியடிக்கிறவர்களின் குழு, சாவி செய்கிறவர்களின் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு முத்திரை, குறைந்தது ஒரு பகையாளி. கைப்பேசிச் செயலி ஒன்றில் வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக இதை எழுதிவந்தேன். பிழைப்புக்கு, மன்னார்குடியில் ஒரு டுடோரியலில் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன்.

"எப்படி மேடம் இப்படியெல்லாம் கற்பனை பண்றீங்க?" என்று கூத்தாநல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தாள். கற்பனையாவது கத்தரிக்காயாவது. பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிப் பாருங்கள். வளைவு வரைக்கும்தான் அது போகும். வளைவுக்கு அந்தப் பக்கம் வேறு ஸ்டாண்டின் ராஜ்ஜியம். கைக்குழந்தையோடு இருந்தாலும் இறங்கி, பத்தடி நடந்து, அடுத்த ஆட்டோவில் ஏற வேண்டும். அந்தப் பத்தடிக்கு உரியவர்கள் யாரும் இல்லை. அதில் குண்டும் குழியுமாகத் தண்ணீர் தேங்கியிருக்கும். நான் செய்ததெல்லாம் ஆட்டோவை எடுத்துவிட்டுப் பல்லக்கை வைத்ததுதான்.

என் வாசகர்களிலேயே பொறுமைசாலி என் அண்ணன். பதினோரு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவன். குடவாசல் பக்கம் எங்கள் கிராமத்தில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தான். அண்ணிக்கும் அவனுக்கும் ஒரே ஒரு பேச்சுத்தான். இந்தப் போகம் வீடு வந்து சேர்ந்தால் அவன் இங்கேயே இருப்பான். சேராவிட்டால் மறுபடி விமானம் ஏறுவான். அவனுடைய மகள் பிறந்ததையே அவன் வீடியோவில்தான் பார்த்தான். அவளுக்கு இப்போது ஏழு வயது.

வரப்பில் உட்கார்ந்து என் அத்தியாயங்களைப் படித்துவிட்டு ஒருநாள் போன் செய்தான்.

"பாப்பா, ஒலகம் பூரா ஊருங்கிறியே, அப்ப வயலே கெடையாதா?"

"கிடையாது."

"அப்ப சோறு எங்கேர்ந்து வருது?"

"அண்ணே, அது ஃபேன்டஸி. அதெல்லாம் கேக்கக் கூடாது."

"சரி சரி. விளக்கேத்துறவன்லாம் சாப்பிடுறானேன்னு கேட்டேன்."

இந்த மனுஷனுக்கு எதைப் படித்தாலும் நெல்தான் என்று டுடோரியலில் சொல்லிச் சிரித்தேன்.

தை பிறந்து கதிர் முற்றியது. எங்கள் கிராமத்தின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே அறுவடை வண்டிகளின் சொந்தக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மேற்கே, வெளி மாவட்டங்களிலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள் ஒரு சங்கம். இவர்களைப் புரோக்கர் என்று சொன்னால் கோபம் வரும். ஏற்பாட்டாளர்கள் என்று லெட்டர்பேடில் அச்சடித்திருக்கிறார்கள். கிழக்கில் மேற்கத்தி வண்டி இறங்கக் கூடாது, மேற்கில் கிழக்கத்தி வண்டியின் நிழல்கூட விழக் கூடாது. இதற்குச் சட்டமும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் தாசில்தார் உத்தரவுக்குக்கூட இத்தனை மரியாதை எங்கள் ஊரில் கிடைத்ததில்லை.

அண்ணனின் வயல் கிழக்கே இருந்தது. அதற்குப் போகிற ஒரே வண்டிப்பாதையும் பாலமும் மேற்கே இருந்தன. கிழக்கத்தி வண்டி அந்த வயலில் இறங்கலாம், ஆனால் மேற்குப் பாதையில் வரக் கூடாது. மேற்கத்தி வண்டி பாதையில் வரலாம், வயலில் இறங்கக் கூடாது. இரண்டு சங்கங்களும் இதை மிகுந்த பெருந்தன்மையோடு அவனுக்கு விளக்கின. "நாங்க தடுக்கவே இல்லீங்க, அவங்கதான்" என்று இரண்டு பக்கமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஆள் வைத்து அறுக்கலாம் என்றால், அரிவாள் பிடிக்கிற கை ஊரில் பத்துகூடத் தேறாது.

இதற்குள் பயிர் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. கடலில் காற்றழுத்தம் என்று செய்தியில் சொன்னார்கள். அண்ணன் கத்தவில்லை, சண்டைக்குப் போகவில்லை. தினமும் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அறுத்தா சரியா இருக்கும்" என்பான். நான்கு நாளாக இதையே சொன்னான்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காததோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கோ, நாற்பத்தொரு குழுக்களை மேய்த்தவளுக்கு இரண்டு சங்கம் எம்மாத்திரம் என்ற திமிர். என் பதினைந்தாம் அத்தியாயத்தில் விளக்குக் குழுவும் மணிக் குழுவும் சமாதானமாகிற காட்சி வரும். அதற்குத்தான் அதிகம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். அதையே இங்கே நடத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, மன்னார்குடியில் ஒரே நிறத்தில், ஒரே விலையில் இரண்டு பொன்னாடை வாங்கினேன். ரைஸ்மில் களத்தில் ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி போடச் சொன்னேன். யார் முதலில் வருவது என்பதற்காக இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு மூலையில் பைக்கில் காத்திருந்ததால் கூட்டம் முக்கால் மணி நேரம் தாமதமானது. கிழக்குத் தலைவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தங்கக் கடிகாரமுமாக வந்தார். அறுவடை வண்டியின் ஸ்டீயரிங்கை அவர் தொட்டுப் பார்த்தவர் இல்லை. மேற்குத் தலைவரின் சட்டைப் பையில் மூன்று போன்கள் இருந்தன. மூன்றும் மாறி மாறி அடித்தன, எதையும் அவர் எடுக்கவில்லை. யார் முதலில் பொன்னாடை வாங்குவது என்ற சிக்கலை நான் அழகாகத் தீர்த்தேன். ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளச் செய்தேன். கைகள் மாட்டிக்கொண்டு, நாலு பேர் பிரித்துவிட வேண்டியிருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பொன்னாடை போட்டதும் இருவருக்கும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "நாம ஏன் டீச்சர் சண்டை போடணும்? ஒரே கூட்டமைப்பா ஆயிடுவோம்" என்றார் கிழக்கு. "வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம். அன்னிக்கே தொடக்க விழா வெச்சிருவோம்" என்றார் மேற்கு. "டீச்சர், நீங்களே ஒரு தீர்மானம் எழுதிக் குடுங்க. உங்க தமிழ் நல்லாருக்கும்."

எழுதினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஏழு வரிகளில் ஒற்றுமை, உழைப்பு, உழவர் நலன் எல்லாம் வந்துவிட்டன. எட்டாவது வரிக்கு என் பதினைந்தாம் அத்தியாயத்தைத் திறந்தேன். அங்கே, உடன்படிக்கை விழா முடியும்வரை இரு குழுவும் ஆயுதம் தொடுவதில்லை என்று ஒரு வாசகம் இருக்கும். நடுநிலையாகவும் கம்பீரமாகவும் இருக்கும். ஆயுதத்தை எடுத்துவிட்டு வண்டியை வைத்தேன். "தொடக்க விழா நிறைவுறும்வரை இரு தரப்பு வண்டிகளும் எந்த வயலிலும் இறங்குவதில்லை." உரக்க வாசித்தேன். கை தட்டினார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார்கள். என்னைக் கூட்டமைப்பின் கௌரவ ஆலோசகராக அங்கேயே அறிவித்தார்கள். நான் வெட்கத்தோடு கும்பிட்டேன்.

களத்தின் ஓரத்தில் நின்ற அண்ணன் மட்டும் கை தட்டவில்லை.

"வெள்ளிக்கெழம வரைக்கும் வண்டி எறங்காதா பாப்பா?" என்றான்.

அப்போதுதான் புரிந்தது. கையெழுத்து காய்வதற்குள் கிழக்குத் தலைவரிடம் ஓடி, இந்த ஒரு வயலுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்றேன். அவர் பொன்னாடையைச் சரிசெய்தபடி, "நீங்களே எழுதின தீர்மானம். நீங்களே மீறலாங்களா டீச்சர்? நாளைக்கு எங்கள யாரு மதிப்பா?" என்றார். மேற்குத் தலைவரிடம் போனேன். "அவரைக் கேக்காம நான் ஒண்ணும் செய்ய மாட்டேங்க. இப்ப நாங்க ஒண்ணாயிட்டோம்ல" என்றார். பகையாக இருந்தபோதாவது ஒருவரிடம் போய் இன்னொருவரைத் திட்டலாம். சேர்த்துவைத்த பிறகு அந்த வழியும் அடைபட்டது.

செவ்வாய்க்கிழமை அண்ணன் ஒரு டிரைவரைத் தனியாகப் பார்த்துக் கெஞ்சியிருக்கிறான். அந்தப் பையன் ஆத்தூர்க்காரன், யாரையும் தெரியாதவன். "சங்கத்துல தீர்மானம் போட்டிருக்காங்களாம்ணே. யாரோ ஒரு டீச்சர் எழுதினதாம், ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்குதாம்" என்றானாம்.

புதன்கிழமை மழை பிடித்தது. வியாழனும் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், டுடோரியலுக்கும் விட்டார்கள், வண்டிகள் மட்டும் ஷெட்டில் நனையாமல் நின்றன.

வெள்ளிக்கிழமை விழா தவறாமல் நடந்தது. ஈரப் பந்தலில் ஒலிபெருக்கி கரகரத்தது. பதினெட்டு வண்டிகளை வாழைமரம் கட்டி, மாலை போட்டு ஊர்வலமாக ஓட்டினார்கள். சாலை முழுக்கச் சேறு. ஃப்ளெக்ஸில் இரண்டு தலைவர்களும் மிகச் சரியாக ஒரே அளவில் இருந்தார்கள். கீழே ஓரத்தில், என் வாட்ஸ்அப் படத்தை வெட்டி ஒட்டி, கௌரவ ஆலோசகர் என்று போட்டிருந்தார்கள். விழா முடிந்த கையோடு, சொன்ன சொல் தவறாமல், கூட்டமைப்பின் முதல் வண்டியை அண்ணனின் வயலுக்கே அனுப்பினார்கள். அந்தப் பாலத்தைக் கிழக்கத்தி வண்டி தாண்டியது அன்றுதான் முதல் தடவை. வரலாற்றுத் தருணம் என்று ஒருவர் வீடியோ எடுத்தார்.

வயலில் கணுக்கால் தண்ணீர். சாய்ந்த கதிர்களில் நெல் பச்சையாக முளைவிட்டிருந்தது. அண்ணன் குனிந்து ஒரு கதிரை எடுத்து என் கையில் கொடுத்தான். தேய்த்துப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத அறுத்து என்னங்க பண்றது, கோழிகூடத் திங்காது" என்று வண்டியைத் திருப்பினார். வீடியோ எடுத்தவரும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அத்தனை பேர் மேலும் எரிச்சல்தான் வந்தது. அதில் பெரும்பங்கு என்மேல்.

அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி ஆறியிருப்பேன். மாசி கடைசியில் விமானம் ஏறினான். அவன் மகள் விமான நிலையத்துக்கு வர மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அண்ணி அவளைக் கூப்பிடவும் இல்லை.

கூட்டமைப்பு சித்திரைக்குள் உடைந்துவிட்டது. யார் படம் ஃப்ளெக்ஸில் இடப்பக்கம் வருவது என்று தகராறாம். இப்போது பழையபடி கிழக்கு, மேற்கு. சமாதானம் பேச வரச் சொல்லி இருவருமே எனக்குத் தனித்தனியாகப் போன் செய்தார்கள். இருவர் எண்ணையும் தடை செய்துவிட்டேன். பதினாறாம் அத்தியாயம் எங்கே என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள்.

போன வாரம் அண்ணனிடமிருந்து ஒரு படமும் குரல்பதிவும் வந்தன. அவன் தங்கியிருக்கும் விடுதியின் பத்தாம் மாடியிலிருந்து எடுத்த படம். கண்ணுக்கு எட்டும் வரை கட்டடம், பாலம், பாரந்தூக்கி, மறுபடி கட்டடம். குரலுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டே பேசியிருக்கிறான்.

"பாப்பா, நீ எழுதுன ஊருக்கே வந்துட்டேன் போல. எங்க பாத்தாலும் தெருதான், வயலே இல்ல. அன்னிக்கு ஒண்ணு கேட்டேன்ல, சோறு எங்கேர்ந்து வருதுன்னு? இங்க மெஸ்ல கேட்டுப் பாத்தேன். கப்பல்ல வருதாம். அதயும் கதையில சேத்துக்க."

கேலியாகச் சொல்லவில்லை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேனே என்று உதவி செய்கிறான். அவனை அந்த ஊருக்கு அனுப்பி வைத்தது என்னுடைய எட்டாவது வரி.