காவடிப் பூ ஜாடி

சென்னையிலிருந்து வந்த அந்தப் பெண்ணிடம் நான் சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. அவள் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறவள். திருத்தணிக்கு வேண்டுதலுக்காக வரும் ஒரு குடும்பத்தின் ஒரு நாளை வாசனைகளாலேயே சொல்லப் போகிறோம், ஐந்து ஜாடிகள் போதும், தயார் செய்ய ஊர்க்காரர் ஒருவர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தலைமையாசிரியர் உடனே என்னைக் கைகாட்டினார். வேதியியல் டீச்சராயிற்றே, அளந்து கலந்து மூடி வைப்பதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்திருப்பார்.

எனக்கு வாசனையே தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. கொரோனாக் காய்ச்சலோடு போனது திரும்பி வரவில்லை. வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் ஆய்வகச் சாவியை வாங்கிக்கொள்வார்கள் என்று பயம். பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களா என்று பார்த்துப் பார்த்தே இத்தனை நாள் காலம் தள்ளிவிட்டேன். அதை வெட்கம் என்றும் சொல்லலாம், திமிர் என்றும் சொல்லலாம்.

ஆகவே வீட்டுக்காரரின் மூக்கைக் கடன் வாங்கினேன். அவர் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டர். டூட்டி முடிந்து வந்தவரைக் கை கால் கழுவக்கூட விடாமல் ஜாடியை நீட்டுவேன். மோந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தாங் கீது" என்பார். எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "வாசனையா கீது" என்பார். அத்தனை கூட்டத்தில் இடிபட்டு வருகிற மனுஷனிடம் வாசனையைப் பற்றிச் சொல்ல இரண்டே வார்த்தைகள்தான் இருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு நாள் மட்டும், மொட்டை போடும் கொட்டகை ஜாடியில் ஈர முடி வாசனை போதவில்லை என்று உருப்படியாக ஒன்று சொன்னார். மறுநாள் ஒரு கைப்பிடி முடி கேட்டு வாங்கி வந்து நனைத்துப் போட்டேன்.

புளிசாதப் பொட்டலம், மொட்டைக் கொட்டகை, மொட்டைத் தலையில் பூசும் சந்தனம், காவடிப் பூ, விபூதி. இதுதான் வரிசை. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் பீங்கான் ஊறுகாய் ஜாடி. காவடிப் பூவுக்காக மலையடிவாரத்தில் காவடி கட்டுகிற கடையிலேயே சாமந்தியும் அரளியும் வாங்கினேன். வாடக் கூடாதே என்று தண்ணீர் தெளித்து, அழுத்தி நிரப்பி, இறுக மூடினேன். இரண்டு நாள் கழித்து அவரிடம் நீட்டினேன். மூடியைத் திறந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "நல்லாத்தாங் கீது."

சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலேயே வெள்ளோட்டம். தலைமையாசிரியர் வந்திருந்தார். கோயில் படிகளைக் கூலிக்குப் பெருக்கும் ஓர் அம்மாவையும் அந்தப் பெண் அழைத்து வந்திருந்தாள். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, புதுச் சட்டையோடு கதவோரம் நின்றார். மூன்று ஜாடிகள் வரை எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நான்காவது ஜாடியைத் திறந்ததும் அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தலைமையாசிரியர் இரண்டடி பின்னால் போனார். பூ அழுகிவிட்டது, மூடும்போது பார்க்கவில்லையா டீச்சர் என்று கேட்டார். நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாமிக்குப் போற பூவ நாம மோந்து பாக்கலாமா? அதான் மூச்சப் புடிச்சிகினேன்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் படத்துக்கு வாங்கி வரும் பூவைக்கூட மூக்குக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறவர் அவர். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஜாடியில் இருப்பது மலையேறப் போகாத பூ என்று எனக்குத் தெரியும், ஆனால் காவடிப் பூ என்று சொல்லித்தானே அவரிடம் நீட்டினேன்? பழியைத் தானே ஏற்றுக்கொண்டு நின்றார். நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"அவர் மேல தப்பில்லைங்க சார். எனக்கு வாசனை தெரியாது. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல."

தலைமையாசிரியர் என்னிடம் சாவியைக் கேட்கவில்லை; இனி ஆய்வகத்தில் கூட ஒரு டீச்சர் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் ஜாடியைக் கொட்டிவிடலாமென்று எடுத்தாள். அப்போதுதான் படி பெருக்கும் அம்மா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். முகத்தை உள்ளே விடாத குறையாக மோந்து பார்த்தார்.

"இத்த ஏன் கொட்றீங்க? ஆடிக் கிருத்திகை முடிஞ்ச மூணா நாளு, படியில இதே வாசனதாங்க."

எப்படி இருக்கும், சொல்லுங்கள் என்று அந்தப் பெண் நோட்டை எடுத்தாள். அவர் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"மொதல்ல தித்திப்பா ஏறும், கனிஞ்சி போன வாழப்பழம் கணக்கா. அதுக்கு அடியில சாணி வாசன. மழ பேஞ்சிருந்தா நாரு ஊறி கோணி மாரி வரும். தள்ளிகினே போனா, நடுவுல எங்கயோ ஒரு பூவு நசுங்காம கெடக்கும். அது மட்டும் பச்சையா மணக்கும். அதுக்கோசரம் குனிஞ்சி குனிஞ்சி பெருக்குவேன்."

நான் அருகில் போய் ஜாடியின் மேல் குனிந்தேன். மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வாசனை எப்படி இருக்கிறது என்று யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நானும் யாரையும் இப்படிச் சொல்ல விட்டதில்லை. எல்லோர் முன்னாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றேன்.

அவர் வாழைப்பழத்திலிருந்து ஆரம்பித்தார்.