பதினெட்டு லேபிள்களும் ஒரு கப்பியும்

எண்ணுவது ஒரு வியாதி என்று என் மருமகள் சொல்கிறாள். மாடிப்படி பதினேழு. காலை மாத்திரை ஐந்து. நேற்று வாங்கிய பாணில் பத்தொன்பது துண்டு, அதற்கு முந்திய நாள் இருபத்தொன்று. பேக்கரிக்காரன் குறைக்கிறான் என்று சொன்னால் இந்த வீட்டில் ஒருவரும் கவலைப்படுவதில்லை. நான்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. ஒன்பது வயதிலும் நான் இப்படித்தான் இருந்தேன். அப்போது ஒரு தடவை என்னால் பெரிய சேதம் விளைந்தது. அந்தச் சேதத்துக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் நெடுங்காலம் சரியாகத் தெரியாமலிருந்தது.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. அம்மாவின் தம்பியான என் மாமா தலைமன்னார் இறங்குதுறையில் பார்சல் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். கப்பலில் வருகிற பொதியில் ஓர் இலக்கம் இருக்கும், அதனுடன் வருகிற கடதாசியில் ஓர் இலக்கம் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று நாள் முழுவதும் பார்ப்பது அவருடைய வேலை. நான்கு வருடமாக அந்த வேலையில் அவர் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கும்படி கடிதம் எழுத வேண்டியவர் அவருடைய மேலதிகாரி, ஒரு பறங்கித் துரை.

எங்கள் ஊர் உயிலங்குளம். அப்பாவுக்கு அங்கே வயல். அந்த மாரியில் காய்ச்சல் வந்து என் இரண்டு வயதுத் தங்கச்சி போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மா சரியாக எழும்பவில்லை. இடம் மாறினால் மனம் தேறும் என்று மாமா வந்து, அம்மாவையும் என்னையும் முருங்கனில் ரயிலேற்றித் தன் குவாட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இடம்தான் மாறியது. அம்மா பின்னறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். சோறு கொண்டுபோய் வைத்தால் பாதி சாப்பிடுவார். ஒரு நாளைக்கு அவர் எத்தனை சொல் பேசுகிறார் என்று நான் எண்ணி வந்தேன். ஆகக் கூடியது பதினாறு. "வேண்டாம்" என்பதை எத்தனை தரம் சொன்னாலும் ஒன்றாகவே கணக்கெடுத்தேன்.

அந்த அறையின் சன்னலுக்கு வெளியே கிணறு. ஆறு குவாட்டர்ஸுக்கும் பக்கத்துக் கடைவீட்டுக்கும் அது ஒன்றுதான், இரும்புக் கப்பி போட்டது. காலையிலும் மாலையிலும் பெண்கள் அங்கே கூடுவார்கள், அம்மா போகமாட்டார். எங்களுக்கான தண்ணீரை மாமா விடியவே அள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

துரை எட்டு நாள் லீவில் கொழும்புக்குப் போனார். பூட்டிய வீட்டில் கறையான் ஏறிவிடும் என்ற பயத்தில் தன் கிராமபோனையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் மாமாவிடம் ஒப்படைத்தார். போட்டுக் கேட்கலாம், ஆனால் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. பன்னிரண்டு தட்டுகள். எல்லாம் ஹவாய்த் தீவுகளின் இசை. அங்கே கிட்டாரை மடியில் மல்லாத்தி வைத்து, தந்திகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிவிட்டு வாசிப்பார்கள் என்று உறையில் இருந்த படத்தைக் காட்டி மாமா சொன்னார். முதல் நாள் மாலை மூன்று தட்டுகள் போட்டார். சுரங்கள் படி ஏறுவதுபோல் ஏறாமல் வழுக்கிக்கொண்டு ஏறின.

"ஹவாய் எங்க இருக்கு மாமா?"

"தனுஷ்கோடிக்கு அங்கால. நல்லா அங்கால."

எனக்கு இசையில் அக்கறையில்லை. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்ட லேபிளில்தான் கண். நான் நெருப்புப்பெட்டிப் படம் சேர்க்கிறவன், நூற்று நாற்பத்து மூன்று வைத்திருந்தேன். பெட்டியைத் தண்ணீரில் ஊறவிட்டுப் படத்தைக் கிழியாமல் எடுப்பதில் பள்ளிக்கூடத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. இங்கேயோ தட்டுக்கு இரண்டாக இருபத்து நான்கு லேபிள்கள், சிவப்பிலும் நீலத்திலும், பொன்னெழுத்துப் போட்டு. சேர்த்தால் நூற்று அறுபத்தேழு.

மறுநாள் மத்தியானம் சருவச்சட்டியில் தண்ணீர் எடுத்தேன். மாமா தற்செயலாக நேரத்தோடு வீட்டுக்கு வந்தபோது ஒன்பது தட்டுகள் நிர்வாணமாகச் சுவரில் சாய்ந்திருந்தன. லேபிள்கள் தலையணை உறையின் மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"டேய், என்னடா இது?"

"படம் சேர்க்கிறன் மாமா."

"எத்தினை உரிச்சனி?"

"பதினெட்டு."

"மிச்சம்?"

"ஆறு. இனித்தான் ஊறப்போடோணும்."

மாமா அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். கதிரையில் இருந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தத் தட்டுக்கு எந்த லேபிள் எண்டு இனி ஆர் சொல்லுறது? அந்த மனுசன் கடிதம் எழுதின மாதிரித்தான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தட்டுகளிடம் சொன்னார். அவருடைய நான்கு வருடத்தை நான் சட்டியில் ஊறப்போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுதேன்.

அன்று மாலையே வேலை தொடங்கியது. ஐந்து தட்டுகளில் பாட்டு இருந்தது. பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற சொல்லை லேபிளில் தேடி மாமா பத்து லேபிள்களைப் பிரித்துவிட்டார். மிஞ்சியவை நான்கு தட்டுகள், எட்டு லேபிள்கள். அவற்றில் பாட்டே இல்லை, கிட்டார் மட்டும். நான்கையும் வாசித்தவர்கள் நான்கு வெவ்வேறு ஆட்கள் என்று லேபிள்கள் சொல்லின. ஒரு பக்கம் வால்ட்ஸ், மறுபக்கம் மார்ச் என்றும் போட்டிருந்தது. வால்ட்ஸ் மூன்று மூன்றாகவும் மார்ச் நான்கு நான்காகவும் நடக்கும் என்று மாமா சொன்னதால், பக்கத்தைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பாயிற்று. ஆனால் கேட்கிற கிட்டார் யாருடையது? லேபிள் போகாத, முதல் நாள் மாலை போட்ட அந்த மூன்று தட்டுகளில் அந்த நால்வரில் இருவர் வாசித்திருந்தார்கள். கையில் இருந்த ஆதாரம் அவ்வளவே.

மூன்றாம் நாள் மாலை மாமா முதல் தட்டைப் போட்டார். முடிந்ததும் அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நடுவிலுள்ள கறுப்பு விளிம்பைப் பெருவிரலால் தடவி நெடுநேரம் பார்த்தார். முகம் சட்டென்று தெளிந்தது. "அட, இவ்வளவுதானே" என்று பேனையைக் கையில் எடுத்தார்.

அப்போது பின்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, இது முந்தநாள் முதல்ல வாசிச்சவன். அதே கை."

மாமா பேனையைக் கீழே வைத்தார்.

"எப்பிடி அக்கா தெரியும்?"

"சிக்னல்காரர் பெண்சாதி தண்ணி அள்ளுறதைக் கேட்டதில்லையே? எட்டி எட்டி இழுப்பா. வாளி மேல வந்த பிறகும் கப்பி நடுங்கிக்கொண்டு நிக்கும். இவனும் அப்பிடித்தான், கடைசியில நடுங்கிறான்."

மாமா முந்தநாள் போட்ட தட்டைத் திரும்பப் போட்டார். நான் நடுக்கங்களை எண்ணினேன். அதில் மூச்சுக்கு ஏழு, இதிலும் ஏழு. அதே கைதான். அன்று அம்மா பேசிய சொற்கள் ஐம்பதைத் தாண்டின. கொப்பியில் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

அடுத்த தட்டையும் உடனே போடுங்கள் என்று நான் நச்சரித்தேன். துரை வர இன்னும் ஐந்தே நாள்.

"நாளைக்கு. ஒரு நாளைக்கு ஒண்டு போதும்" என்றார் மாமா.

"ஏன் மாமா?"

"ஊசி மிச்சப்படுத்தோணும், மருமோன்."

ஊசிப் பெட்டியில் நூற்று எழுபத்தாறு ஊசிகள் இருந்தன. நானே எண்ணியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். கேட்காதவர் போல் கிராமபோனின் மூடியைச் சாத்தினார்.

நான்காம் நாள் அம்மா படுக்கையில் எழுந்து, சுவரில் சாய்ந்திருந்து கேட்டார். வாசித்தவன் தந்தியை மெல்லத் தொட்டுச் சின்ன மணி ஒலிபோல் எழுப்பிக்கொண்டிருந்தான். "தபால்காரர் வீட்டு மாமி! வாளி கிணத்துச் சுவரில முட்டாமல் மேல வந்தால் அவவுக்கு மனம் ஆறாது" என்றார் அம்மா. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். முழுதாக இருந்த தட்டுகளில் மணி ஒலி எங்கும் இல்லை. ஆகவே தெரியாத இருவரில் ஒருவன் இவன் என்று முடிவாயிற்று. அந்த இருவரில் எவன் என்பது நிற்கட்டும் என்றார் மாமா.

ஐந்தாம் நாள் அம்மா அறை வாசலுக்கு வந்தார். அன்றைய கிட்டார் நடுக்கமே இல்லாமல் நீளமாக ஏறி இறங்கியது. "ரயில் றைவர் பெண்சாதி. ஒரே இழுவை. முதல் நாள் மூண்டாவதாப் போட்டவன் இவன்தான்" என்றார் அம்மா சந்தேகமில்லாமல். நானும் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினேன்.

மாமா தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தூசி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, இன்னொருக்கா கேளுங்கோ."

"அவன்தானடா."

"பிழையாப் போனால் என்ரை வேலை போச்சு. கிட்ட வந்து கேளுங்கோ."

அம்மா வாசலைத் தாண்டி வந்தார். வந்து கிராமபோனுக்கு முன்னால் நிலத்தில் சம்மணமிட்டு இருந்து, ஒரு காதைக் குழலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கூந்தல் அவிழ்ந்து தரையில் கிடந்தது. அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அம்மா முன்னறையில் இருந்து நான் பார்த்ததில்லை. பாதித் தட்டு ஓடியதும் அவர் கண் விரிந்தது.

"ஐயோ தம்பி, இது ஒராளில்லை! ரெண்டு பேர். ஒருத்தன் இழுக்க மற்றவன் கீழ பிடிச்சுக் கொடுக்கிறான். கடைக்கார நானான்ரை பெட்டையள் ரெண்டும் ஒரு கயித்தைப் பிடிக்கிற மாதிரி. எனக்கு முதல் ஒராளாக் கேட்டிட்டுது."

மாமா லேபிள்களைப் புரட்டினார். ஒரு சோடி லேபிளில், வாசித்தவர் பெயருக்குக் கீழே, இரண்டு கிட்டார் என்று எழுதியிருந்தது. அதோடு மணி ஒலிக்காரனின் பெயரும் தானாகத் தெரிந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் அம்மா அதே தட்டை மூன்று தரம் போடச் சொன்னார். சிக்னல்காரர் பெண்சாதி ஹவாயில் பிறந்திருந்தால் எப்படி இருந்திருப்பா என்று மாமா நடித்துக் காட்டினார். "போடா விசரா" என்று அம்மா அவர் முதுகில் அறைந்தார். அன்றைக்குச் சொற்களின் எண்ணிக்கை எனக்குத் தவறிவிட்டது. கொப்பியில் அந்தத் தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

ஆறாம் நாள் மிஞ்சிய தட்டைப் போட்டோம். அதுதான் உண்மையான றைவர் பெண்சாதி. ஏழாம் நாள் கஞ்சிப்பசை காய்ச்சி லேபிள்களை ஒட்டினோம். பசை பூசியது அம்மா, அழுத்தியது நான். ஒவ்வொன்றையும் ஒட்டுமுன் மாமா தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "அக்கா சொன்னது சரி" என்பார். பதினெட்டில் இரண்டு கொஞ்சம் கோணலாயின. அந்த இரண்டும் நான் அவசரத்தில் அழுத்தியவை.

எட்டாம் நாள் துரை வந்தார். மாமா ஒன்றையும் மறைக்கவில்லை. துரை கோபத்தில் சிவந்துபோய், ஒவ்வொரு தட்டாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார். பன்னிரண்டும் முடிந்தபோது சிவப்பு இறங்கியிருந்தது.

"எல்லாம் சரி. யார் பார்த்தது?"

"என்ரை அக்கா, சேர். காதால கேட்டுத்தான் சொன்னவ."

"காதாலா? இதை யாரும் காதால்..." என்று தொடங்கிய துரை, மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு பின்னறைப் பக்கம் பார்த்தார். எட்டு நாளுக்கு முன்பு இதே வீட்டுக்கு வந்தபோது அந்தக் கதவு சாத்தியிருந்ததை அவர் கண்டவர். இப்போது அது திறந்திருந்தது. அம்மா உள்ளே கூந்தலை முடிந்துகொண்டிருந்தார்.

"நல்ல காது" என்று சொல்லிவிட்டுத் துரை எழுந்தார். கிராமபோன் இன்னும் ஒரு கிழமை இங்கேயே இருக்கட்டும் என்றார். கடிதம் அந்த மாதமே எழுதப்பட்டது.

எனக்கு ஐம்பத்தொரு வயதானபோது கொழும்பில் ஒரு பழஞ்சாமான் கடையில் அப்படி ஒரு ஹவாய்த் தட்டைக் கண்டேன். ஆசையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ஓர் இலக்கம். நடுவிலுள்ள கறுப்பு விளிம்பில், தட்டோடு தட்டாக அழுந்தி, அதே இலக்கம். பின்னால் திருப்பினேன், அங்கும் அப்படியே. கடைக்காரனிடம் வேறு தட்டுகள் பதினொன்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். லேபிள் உரிந்தால் என்ன, இலக்கம் தட்டிலேயே இருக்கிறது. பார்சல் கந்தோர்க் கிளாக்கர் ஒருவருக்கு ஒன்பது தட்டுகளையும் பதினெட்டு லேபிள்களையும் பொருத்தக் கால்மணி நேரம் போதும். மாமாவிடம் கேட்கலாமென்றால் அவர் போய் அப்போது மூன்று வருடமாகியிருந்தது. ஒன்பது வயதில் நெருப்புப்பெட்டிப் படம், ஊசி, அம்மாவின் சொல் எல்லாவற்றையும் எண்ணிய நான், என் கையால் உரித்த லேபிளில் இருந்த இலக்கத்தைக் கவனிக்கவில்லை. ஆறு மாதமாக அம்மா எதைக் கேட்டுக்கொண்டு அந்தச் சுவர்ப் பக்கம் படுத்திருந்தார் என்பதையும் யோசிக்கவில்லை.

துரை வந்துபோன மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது மாமா முன்னறைக் கதிரையில் சும்மா இருந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவர் கிணற்றடியில் நிற்பார். அடுக்களையில் இரண்டு குடங்களும் இல்லை. வெளியே கப்பி ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றடிக் கைகளெல்லாம் இப்போது எனக்குத் தெரியும் என்ற பெருமையில் காது கொடுத்துக் கேட்டேன். எட்டி இழுக்கவில்லை, சுவரில் முட்டவில்லை, ஒரே இழுவையாகவும் இல்லை. பாதியில் நிற்கும், பிறகு மெல்ல ஏறும்.

"இது ஆர் மாமா?"

மாமா வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாளிகளை எண்ணினேன். பதினொன்று. யாருடைய கை என்று எனக்குத் தெரியவில்லை.