பெண்கள் வார்டுக்கு ஒரு தாழ்ப்பாள்

விழுப்புரத்தில் நர்சிங் படித்தபோது எங்கள் மேடம் போர்டில் ஒரு வட்டம் போடுவார். நடுவில் நோயாளி. அதைச் சுற்றிக் குடும்பம், அதைச் சுற்றி வீடு, வேலை, ஊர், சாமி என்று சாக்பீஸ் தேயும்வரை வட்டங்கள். “நோயை மட்டும் பாக்காதீங்க, ஆளை முழுசாப் பாருங்க. எந்த வட்டத்துல இடிக்குதோ அங்க கை வைங்க” என்பார். நாங்கள் அதற்கு வைத்த பெயர் வெங்காயப் பாடம். மனப்பாடம் பண்ணி, பாஸ் பண்ணி, மறந்தும் போனேன்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. போன வருடம் மழைக்கு முன்னால் கிளியனூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் வந்து சேர்ந்தார். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டவர். நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும். கூடவே ரத்தத்தில் உப்பு, அதாவது கிரியாட்டினின், ஏறிக்கொண்டே போனது. புருஷன் நல்ல மனுஷன், டீயும் இட்லியும் வாங்கிக்கொண்டு வராண்டாவிலேயே கிடந்தார்.

டாக்டர் முகம் சுளித்தார். “நாளைக்குள்ள உப்பு இறங்கலைன்னா பாண்டிக்கு அனுப்பிடலாம். லேட் பண்ணா கிட்னி போயிடும்.”

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. “பாண்டிக்கா? கொல்லையில மல்லாட்டை முத்திக்கினு நிக்குது சிஸ்டர். மழை புடிச்சா அத்தினியும் மண்ணுலயே முளைச்சிடும்.”

“அப்ப தண்ணி குடிங்க” என்று சொம்பு நிறைய வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போனால் அந்தத் தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ட்ரிப்ஸையும் சொட்டுச் சொட்டாகக் குறைத்து வைத்திருக்கிறார்! எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

“சாவறதுக்கா இங்க வந்தீங்க? என்னதான் பிரச்சினை உங்களுக்கு? வாயைத் தொறந்து சொல்லுங்க!”

அவர் குரலைத் தாழ்த்தினார். “கக்கூசுக்கு உள்தாப்பா இல்ல சிஸ்டர். வெளிய பூரா ஆம்பளைங்க குந்திக்கினு இருக்காங்க. ஒரு கையில கதவ புடிச்சிக்கினு, ஒரு கையில ட்ரிப்ஸ புடிச்சிக்கினு எப்படிப் போறது? குடிச்சாத்தான போவணும்?”

அடக் கடவுளே! நாங்கள் மருந்து மேல் மருந்து மாற்றிக்கொண்டிருக்கிறோம், கோளாறு கதவில் இருக்கிறது. நேரே மேனேஜரிடம் போனேன்.

“ரிக்வெஸ்ட் எழுதிக் குடுங்க, பாக்கலாம்” என்றார்.

“நீங்க பாக்கறதுக்குள்ள அந்தம்மா கிட்னி கைலாசம் போயிடும் சார்.”

சாப்பாட்டு நேரத்தில் எதிர் ஹார்டுவேர் கடைக்கு ஓடி ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பிடித்து, “ஜல்தியா மாட்டுண்ணே” என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் கடைசித் திருகை முடுக்குவதற்குள் எனக்குப் பின்னால் வார்டே வரிசையில் நின்றது. அடிப்பாவிகளா, அத்தனை பேருமா அடக்கிக்கொண்டு கிடந்தீர்கள்!

அக்கா அன்றைக்குச் சொம்பு சொம்பாகக் குடித்தார். மறுநாள் உப்பு இறங்கியிருந்தது. “மருந்து நல்லா கேக்குது” என்றார் டாக்டர். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். “கொல்லையில வேலை செய்யும்போதும் தண்ணி குடிச்சிகினே இருக்கணும்க்கா. இல்லன்னா திரும்பவும் வந்துடும்.”

அக்கா சிரித்தார். “கொல்லையில எங்க சிஸ்டர் தாப்பா போடறது? சுத்தியும் ஆளுங்க. விடியக்காலம் வூட்டுல போனா, அப்புறம் பொழுது சாஞ்சிதான். கண்ணாலம் ஆன நாளா அப்படித்தான்.”

பையைத் தூக்கிய புருஷன் அப்படியே நின்றுவிட்டார். “ஏன்டி, இத்தினி வருசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நாலு கழி நட்டு ஓலை கட்டியிருக்க மாட்டேன்?”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ எங்க கேட்ட? சிஸ்டரு கத்தித்தான் கேட்டாங்க. ஆனா கேட்டாங்க.”