ஷார்ஜாவில் நான் வான்கோழி வேட்டை பழகியது

தான் ஒருநாளும் வாங்க மாட்டாத பொருளை அடுத்தவன் தலையில் கட்டுவதற்குப் பெயர்தான் சேல்ஸ்மேன் வேலை. கடையில் நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எல்லாப் பெட்டியையும் பிரிக்கவைத்துவிட்டு, "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று கிளம்பிப் போன மகராசன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் பாலைவனத்தில் நின்றுகொண்டு வான்கோழி வேட்டைச் சாமான் விற்ற கொடுமை உங்களில் எத்தனை பேருக்கு நடந்திருக்கும்? எனக்கு நடந்தது. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், கேளுங்கள்.

கப்பலில் வந்த வில்லங்கம்

செல்போனில் கேமரா இருந்தால் கூட்டம் கூடிப் பார்த்த காலம் அது. ஷார்ஜாவில் ரோலாவுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. கூடாரம், கரி அடுப்பு, மடக்கு நாற்காலி, வல்லூறுகளின் கண்ணை மூடும் தோல் குல்லா என்று, விடுமுறையில் பாலைவனத்துக்குப் போகிற அரபிகளுக்கு வேண்டியதெல்லாம் விற்போம். முதலாளியை அர்பாப் என்று கூப்பிடுவோம். அர்பாபின் தங்கை மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனான். அங்கே அவன் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் வான்கோழி வேட்டை. "மாமா, இங்கே இதற்குப் பைத்தியமாக அலைகிறார்கள். நம் ஊரிலும் பிய்த்துக்கொண்டு போகும்" என்று சொல்லி, ஊத்தி மூடிய ஒரு கடையின் சரக்கை மொத்தமாகக் கப்பலில் ஏற்றிவிட்டான்.

பெட்டிகளைப் பிரித்தோம். இலை இலையாகத் தொங்கும் பச்சை உடுப்புகள், பிளாஸ்டிக் பெட்டைக் கோழிகள், மூடியைத் தேய்த்தால் கோழி போலக் கத்தும் மரப்பெட்டிகள், வாய்க்குள் ஒட்டவைத்து ஊதுகிற ரப்பர் பட்டைகள். எனக்கோ திண்டுக்கல்லில் வைகாசி முகூர்த்தத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பாஸ்போர்ட் அர்பாபின் இரும்புப் பெட்டியில். போய் லீவு கேட்டேன். "அமெரிக்கா மால் கலாஸ், லீவு இருக்கு. அமெரிக்கா மால் இருக்கு, லீவு மாஃபி" என்று அர்பாப் கணக்கை முடித்துவிட்டார். அதாவது, இந்தக் கோழிச் சாமான் அத்தனையும் விற்றுத் தீர்ந்தால்தான் எனக்குத் தாலி கட்டும் யோகம்.

கல்லாவில் இருந்தவர் ஜோசேட்டன், திருச்சூர்க்காரர், அந்தக் கடையில் என்னைவிட மூத்தவர். ரப்பர் பட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடா சரவணா, இந்த நாட்டில் ஞான் கண்ட வான்கோழி எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் பிடிச்சுக் கிடக்கு. அதைப் பிடிக்க ஒளிஞ்சிருக்க வேண்டா, ஃப்ரீசர் திறந்தால் மதி!"

ஃப்ரிட்ஜில் சாய்ந்த வேட்டைக்காரன்

ஒன்றுமே தெரியாமல் ஒரு பொருளை எத்தனை நாள் விற்க முடியும்? முதன்முதலாக வேட்டைக்குப் போகிறவர்களுக்கென்று பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. அதை ரூமுக்கு எடுத்துப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன். விஷயம் இதுதான். வேட்டைக்காரன் வான்கோழியைத் தேடி அலையக் கூடாது. இலை உடுப்பை மாட்டிக்கொண்டு அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து, பெட்டைக் கோழி போலக் குரல் கொடுக்க வேண்டும். யாரோ ஒருத்தி தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நம்பி, சேவல் தோகையை விரித்துக்கொண்டு தானாக வரும். வந்ததும் சுட வேண்டும்.

உட்காரும்போது தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்துகொள்ள வேண்டுமாம். ரோலாவில் அப்படியொரு ஆலமரம் இருந்ததாகச் சொல்வார்கள், ஆனால் நான் விசாவில் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே அது போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் ரூம் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம். ஏசி மெக்கானிக் முருகேசண்ணன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கட்டையாகக் கிடந்தார். நான் மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்தேன். "க்யாவ், க்யாவ், க்யாவ்!" முருகேசண்ணன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர், என்னைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, வாரத்துல எனக்கு இருக்கறது இந்த ஒரு தூக்கம். அதையும் அறுத்துக் குழம்பு வச்சிராதய்யா."

அதற்குள் அடுத்த ஃபிளாட்டில் யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். கட்டிட வாட்ச்மேன் கான் பாய் கதவைத் தட்டினார். பேச்சிலர் ரூமில் கோழி வளர்க்கிறோமாம். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், பாத்ரூம் வாளியில், அரிசி மூட்டைக்குள் என்று எல்லாம் தேடினார். நான் மரப்பெட்டியைக் காட்டி, கத்தியது இதுதான் என்று மூன்று பாஷையில் சொல்லியும் நம்பவில்லை. போகும்போது குரலைத் தாழ்த்தி இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்: "பாய், கோழியை எங்கே வேணும்னாலும் ஒளிச்சு வை. முட்டை போட்டா மட்டும் எனக்கும் ரெண்டு குடு!"

மாமனார் கேட்ட அழுகை

ரப்பர் பட்டை இருக்கிறதே, அது மரப்பெட்டியைவிட வில்லங்கம் பிடித்தது. மேலண்ணத்தில் அதை ஒட்டவைத்து நாக்கால் அழுத்தி ஊத வேண்டும். முதல் நாள் வாந்திதான் வந்தது. பிறகு காற்று வந்தது. ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் திடீரென்று கோழியே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து செல்போன் அடித்தது. யார் என்றுகூடப் பார்க்காமல் எடுத்து "ஹலோ" என்றேன். வாயில் பட்டை இருந்தது மறந்துபோயிற்று. "க்யாவ்" என்றுதான் போனது.

பேசியது என் வருங்கால மாமனார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததா என்று கேட்கப் போன் போட்டிருக்கிறார். வார்த்தைக்கு ரொம்பக் கெட்டியானவர். பட்டையை விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன். அது இன்னும் உள்ளே போயிற்று. "மாமா" என்றேன், "க்யாவ் க்யாவ்" என்றது. "இல்லைங்க மாமா" என்றேன், அதற்கு நீளமாக ஒரு க்யாவ். அந்தப் பக்கம் மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, லீவு கெடைக்கலைன்னா கெடைக்கலைன்னு சொல்லிருங்க. ஆம்பளப் புள்ள, அதுக்காக இப்படியா அழுவாங்க?"

சின்ன சைஸ் மரம்

சொன்னால் நம்ப மாட்டீர்கள், சாமான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகத்தான் செய்தது. ஆனால் ஒன்றுகூட வேட்டைக்குப் போகவில்லை. ஒரு கஃபட்டீரியாக்காரர் பிளாஸ்டிக் கோழி ஒன்றை வாங்கிப் போய், சுட்ட கோழி சுழலும் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். அடுத்த வாரமே திரும்பக் கொண்டு வந்துவிட்டார். சாப்பிட வந்தவர்கள் மேலே நிற்கிற கோழியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பருப்பு போதும் என்று சொல்லிவிடுகிறார்களாம்.

இலை உடுப்புக்கு வந்தவர்கள் முவைலாவில் குடியிருந்த ஒரு சென்னைக் குடும்பம். கணவர் சாஃப்ட்வேரில் இருந்தார். அந்த அம்மா கையில் ஸ்கூல் டைரி. பையனுக்கு மாறுவேடப் போட்டியாம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வான்கோழி வேட்டைப் பாடத்தை முழுமூச்சாக எடுத்துவிட்டேன். கொஞ்சமும் அசையக் கூடாது, சேவலின் தலையில் இருக்கிற சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் நம் உடம்பில் இருக்கக் கூடாது, மற்ற வேட்டைக்காரன் நம்மையே சேவல் என்று சுட்டுவிடுவான் என்றெல்லாம் சொன்னேன். சாஃப்ட்வேர்க்காரர் குறிப்பெடுக்காத குறையாகக் கேட்டார். பையன் உடுப்புக்குள் நுழைந்து காணாமல் போய்விட்டான். உள்ளேயிருந்து "மம்மி, ஐ கான்ட் சீ" என்று சத்தம் மட்டும் வந்தது. இலைக் குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்த அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "இதே மரத்துல இன்னும் கொஞ்சம் சின்ன சைஸ் வருமாங்க?"

கூப்பிட்டு வந்தவன்

சித்திரை பிறந்தது. சரக்கில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மாமனார் போன் செய்வதை நிறுத்திவிட்டார், அது எனக்குப் போன் வருவதைவிடப் பயமாக இருந்தது. பெண்ணிடமிருந்து ஒரு மிஸ்டு கால் மட்டும் வந்தது. நான் திரும்பக் கூப்பிட்டபோது, "வருவீங்கதானே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அர்பாபின் பெரியப்பா கடைக்கு வந்தார். வெள்ளைத் தாடி. வல்லூறு வைத்து வேட்டையாடுவதில் அந்தக் காலத்தில் பேர் எடுத்தவர். அவர் வந்தால் அர்பாபே எழுந்து நிற்பார். தைத் என்கிற ஊர்ப் பக்கம் அவருக்குப் பெரிய தோட்டம், அதில் அழகுக்கு வான்கோழிகள் விட்டிருக்கிறார். எங்கள் கோழிச் சாமான்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வித்தை பலித்தால் மிச்ச சாமான் எல்லாம் எனக்கு. என் சிநேகிதர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பேன்" என்றார். எனக்குள் நாதஸ்வரம் கேட்டது.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனோம். நான் இலை உடுப்பில் பேரீச்சமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். வேர்வை ஓடியது, ஒரு எறும்பு கழுத்தில் ஊர்வலம் போனது, அசையவில்லை. முன்னால் பிளாஸ்டிக் பெட்டைக் கோழி. பக்கத்தில் பெரியவர் துப்பாக்கியோடு. பின்னால் அர்பாபும் ஜோசேட்டனும். ரப்பர் பட்டையை நம்பாமல் மரப்பெட்டியைத் தேய்த்தேன். தூரத்தில் "கொளகொளகொள" என்று பதில் வந்தது. சத்தியமாக உடம்பு புல்லரித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வான்கோழி என் பேச்சைக் கேட்கிறது! திரும்பவும் தேய்த்தேன். வேலியோரமாக அது வந்தது. தோகையை விரித்து, இறக்கையைத் தரையில் இழுத்து, தலையெல்லாம் சிவந்து, ஜான்வாச ஊர்வல மாப்பிள்ளை மாதிரி அடிமேல் அடி வைத்து வந்து, பிளாஸ்டிக் கோழியைச் சுற்றி ஆடியது. பெரியவர் துப்பாக்கியைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு வைகாசி முகூர்த்தத்தை நினைத்தேன்.

வெடிச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் துப்பாக்கி அவர் மடியில் கிடந்தது. "அந்தப் பெட்டியில் நீ அவனிடம் என்ன சொன்னாய்?" என்று என்னைக் கேட்டார். "பெண் கூப்பிடுகிற குரல் பாபா, கல்யாணத்துக்கு வா என்று அர்த்தம்" என்றேன். பெரியவருக்கு முகமே மாறிவிட்டது. "பறக்கிறதைத் துரத்திப் பிடிப்பது வேட்டை. வா என்று நாமே கூப்பிட்டு, அலங்காரம் செய்துகொண்டு வந்தவனைச் சுடுவது வெட்கக்கேடு. கூப்பிட்டு வந்தவன் விருந்தாளி. இந்தச் சாமான் ஒன்றுகூட என் வீட்டுக்கு வேண்டாம்" என்று சொல்லி, துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டார். சேவலுக்குத் தானியம் போடவும் சொன்னார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை வாயில் பட்டை இல்லை, அசல் அழுகை. இலைகள் எல்லாம் குலுங்கக் குலுங்க, அரைகுறை அரபியில் கொட்டிவிட்டேன். பாபா, எனக்கும்தான் கல்யாணம், எனக்கும்தான் பெண் கூப்பிடுகிறாள், இந்தச் சேவலுக்காவது கால் இருக்கிறது நடந்து வந்துவிட்டது, என் பாஸ்போர்ட் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, நான் எப்படிப் போவேன் என்று. ஜோசேட்டன் விட்ட இடத்தையெல்லாம் நிரப்பி நல்ல அரபியில் எடுத்துச் சொன்னார், அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும். பெரியவர் மெதுவாக அர்பாப் பக்கம் திரும்பினார். அர்பாப் மணலைப் பார்த்தார். எனக்கு அரபி அரைகுறைதான், ஆனாலும் அடுத்து வந்தது ஒரு சொல் விடாமல் புரிந்தது: "கோழியையே கல்யாணத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இவன் பாஸ்போர்ட்டை நீ என்ன முட்டை என்று நினைத்தா அடைகாத்துக்கொண்டிருக்கிறாய்?"

ஆக, வான்கோழி வேட்டை புதிதாகப் பழகப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இருப்பது ஒன்றுதான்: பறவை கிடைக்கிறதோ இல்லையோ, துப்பாக்கி பிடிக்கிறவர் நல்லவராக இருந்தால் நீங்கள் முகூர்த்தத்துக்கு ஊர் போய்ச் சேரலாம்.